சி.ஆர். வேகன் எங்கே போகும்?

1

இந்தக் கதை திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் கிடைத்தது. கூட்ஸ் வண்டி ஒன்று கடந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து, "சி.ஆர்.! அதோ இன்னொரு சி.ஆர்.!" என்று கூவினார். பக்கத்திலிருந்த பெரியவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எதற்கு வெட்கம்? அதற்காகவே எழுதுகிறேன். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

அந்த மாலை மழை தூறி... (இல்லை. வெயில் கொளுத்தியது. காதல் என்றதும் மழையைக் கூப்பிடுவது வாரப்பத்திரிகைக்காரன் புத்தி.)

அவர் பெயர் கிஷோர்... (அவர் வயதுக்குப் பொருந்தவில்லை.) பரந்தாமன். ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளை. வேகன்மேல் உள்ள எழுத்துதான் அது போய்ச்சேரும் ஊர் என்று அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். சதர்ன் ரயில்வேயின் எஸ்.ஆர். என்றால் நம்ம ஊர். சி.ஆர். என்றால் ஜபல்பூர், ஏனென்றால் அதே குவார்ட்டர்ஸ் லோகநாயகியின் அப்பாவுக்கு அங்கே மாற்றல் வந்தபோது, சென்ட்ரல் ரயில்வே என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் போனபின், சிக்னலுக்கு நின்ற சி.ஆர். வேகனிலெல்லாம் பரந்தாமன் சாக்பீஸால் எழுதினான்: 'லோகா, வந்துடு.'

(உண்மையில் அந்த எழுத்து, வேகன் எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பதை மட்டுமே சொல்லும். வேகன் எங்கும் போகும். அவன் கெஞ்சலைச் சுமந்துகொண்டு ஒன்று தூத்துக்குடிக்கு உப்பேற்றப் போயிருக்கலாம்.)

3

இத்தனை வருஷம் ஒருவர் கட்டிக்கொள்ளாமலா இருப்பார்? எனக்கே நம்பிக்கையில்லை. மனைவியை இழந்தவர் என்று மாற்றிவிட்டேன். லோகநாயகியும் தனிதான். கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்து அவரைச் சந்தித்தவள், இன்று புனாவுக்கு, மகள் வீட்டோடு இருந்துவிடப் போகிறாள். வழியனுப்ப வந்த இடத்தில் பரந்தாமன் அந்தச் சாக்பீஸ் சங்கதியை உளறிவிட்டார்.

"அடப்பாவி! அது ஓனர் பேருய்யா. ஆட்டோ பின்னாடி எழுதிக்கீதே, அந்த மாதிரி. அதப் பாத்தா எங்க போவுதுன்னு தெரியுமா?"

"அப்போ யாரு கண்டா? நீ படிச்சிருப்பேன்னு நினைச்சிகினு இருந்தேன்."

"எனுக்கு எங்க வந்துச்சி? சிமெண்டுதான் வந்துச்சி."

இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்தக் கூட்ஸ் வந்தது; அவள் எழுந்து கூவினாள். அது போனதும் உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

"பொண்ணு கூப்புடறா, போறேன். இங்க இருன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா, இருந்துடுவேன். எழுதுறது இல்ல பரந்தாமா. வாயால சொல்லணும்."

அவர் தொண்டையைச் செருமினார்.

4

முதல் முடிவு: "போவாத லோகா" என்கிறார். எழுதிப் பார்த்தேன், அவ்வளவு சுலபமாக அவருக்கு வாய் வராது.

இரண்டாவது: அவரும் கூடவே ஏறி... (அதற்கு வேறு ஆள் வேண்டும்.)

மூன்றாவது என்னிடம் இல்லை. சென்ட்ரலுக்குப் போகும் எலெக்ட்ரிக் டிரெயின் பிளாட்பாரத்துக்குள் நுழைந்துவிட்டது. அவள் பையை இன்னும் தூக்கவில்லை. அவர் வாயைத் திறந்துவிட்டார், அதுவரை கொண்டுவந்துவிட்டேன். நீங்கள் யாரிடமாவது சொல்லாமல் விட்டதை அந்த வாயில் போடுங்கள். சீக்கிரம். இங்கே வண்டி அதிக நேரம் நிற்காது.