அம்மா இரண்டு மணிக்கு இறங்குவாள்

என் தம்பி கடல் தாண்டிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. எப்போது பேசினாலும் நேரத்தை எங்கள் கடிகாரத்துக்கு மாற்றித்தான் சொல்வான். அம்மா குழம்பக் கூடாது என்று அவனாக வைத்துக்கொண்ட பழக்கம். அதனால் "அம்மா ரெண்டு மணிக்கு இறங்கிடுவாங்க" என்று அவன் சொன்னபோது நான் மேற்கொண்டு கேட்கவில்லை. டிக்கெட்டிலும் பத்துக்குப் புறப்பாடு, இரண்டுக்கு வருகை என்றுதான் இருந்தது. நாலு மணி நேரம், அவ்வளவுதானே.

அம்மாவுக்குச் சர்க்கரை. காலையில் நானே இன்சுலின் ஊசி போட்டு, சாப்பிட வைத்து, விமான நிலைய வாசலில் விரலை ஆட்டிச் சொன்னேன்.

"பிளேன்ல குடுக்கறதெல்லாம் இனிப்பும் மைதாவுமா இருக்கும். எதையும் தொடாத. தம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்."

"சரிடி தாயே" என்றாள். கைப்பையில் இருந்த பிஸ்கட்டையும் பிடுங்கிக்கொண்டேன். நான் அப்படித்தான்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு வாத்தியாரின் மூக்கில் ஃபிரேமைப் பொருத்திக்கொண்டிருந்தேன். இரண்டரை ஆகியும் ஃபோன் வரவில்லை. நானே தம்பியைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"ஏர்போர்ட்டுக்குப் போகாம தூங்கிட்டிருக்கியா?"

"அக்கா, இங்க இப்பதான் விடிஞ்சிருக்கு. அவங்க வர்றது மத்தியானம் ரெண்டுக்கு."

"எந்த ஊர் ரெண்டு?"

"இங்கத்த ரெண்டு மணிக்குத்தான், அக்கா. டிக்கெட்ல இருந்ததை அப்படியே படிச்சுட்டேன். பதினோரு மணி நேரம் பறக்கணும்."

ஊசி உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வயிறோ காலி. சர்க்கரை இறங்கினால் அம்மா யாரையும் கூப்பிட மாட்டாள், வியர்த்துப்போய் அப்படியே சாய்ந்துவிடுவாள். தூங்குகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் போர்வையைப் போர்த்திவிடுவார்கள்.

தம்பி விமானக் கம்பெனிக்கு ஃபோன் போட்டான். தகவல் அனுப்பப் பார்க்கிறோம் என்றார்களாம். பார்க்கிறார்களாம்! நான் செல்ஃபோனில் அந்த விமானம் போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. அதை நாலு மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று நம்பிய என்னை எதால் அடிப்பது? வாத்தியாருக்கு வேறு யாருடைய கண்ணாடியையோ மாட்டி அனுப்பிவிட்டேன். அவர் கடைக் கதவில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. அம்மாவை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஃபோன் அடித்தது. அம்மாவே பேசினாள்.

"வந்து சேர்ந்துட்டேன்டி."

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. "சாப்பிட்டியாம்மா?"

"சேச்சே. நீ சொன்னப்புறம் சாப்பிடுவேனா? பச்சத்தண்ணி பல்லுல படல."

பக்கத்தில் தம்பி சிரித்தான். "பொய்க்கா. ரெண்டு வேளையும் முழுசா சாப்பிட்டிருக்காங்க. பக்கத்து சீட்டுக்காரர் வேணாம்னு வச்ச கேக்கையும் விடல."

அம்மாவின் குரல் இறங்கியது. "திட்டாதடி. தட்டைக் கொண்டாந்து முன்னாடி வச்சா நான் என்ன பண்றது?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எத்தனை வருஷமாக இந்தத் திருட்டுத் தீனிக்காக அவளை வறுத்தெடுத்திருக்கிறேன்.

"திட்டலம்மா. கேக் நல்லா இருந்துச்சா?"

நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகம். ஆனாலும் சொன்னாள்.

"இனிப்புதான் கொஞ்சம் பத்தல."