மணல்வாளியின் பென்சில் குறிப்புகள்

அந்தப் பழைய சோக நாடகத்தில் இரண்டு தளபதிகள் உயிர் நண்பர்கள். ஒருவன் யார் எதைச் சொன்னாலும் நம்பி வாளை உருவுவான். மற்றவன் முதலில் காரணம் கேட்பான். அவசரக்காரன் கடைசியில் நண்பனையே சந்தேகித்து வாளோடு பாய்வான்; உண்மை தெரிந்தபின் அதே வாளில் தானே விழுந்து, அவன் மடியில் தலைவைத்துச் சாவான். சாகும் முன் ஒரு வரி: "உன்னை அறியாமல் போனேன், பொறுத்தருள், நண்பா."

எங்கள் பஸ் டிப்போ நாடகக் குழுவில் பதினெட்டு வருஷம் அவசரக்காரன் நான். நிதானக்காரன், டைம்கீப்பராக இருந்த என் சிநேகிதன். இரண்டு பேரும் நடிக்கவே வேண்டியதில்லை என்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பெயர் பெட்ரோல், அவனுக்குத் தீயணைக்கும் மணல்வாளி.

கடைசி ஆட்டத்தன்று மேடைக்குப் பின்னால் சொன்னான்: "டேய், ரெண்டு வரி முன்னாடியே வாளை உருவிடுற. நான் பேசி முடிச்சிடுறேன், அப்புறம் வெட்ட வா."

"எனக்கு வாத்தியார் வேலை பாக்குறியா? போடா!" என்று கத்தினேன். அந்த வீம்பில், அவன் மடியில் கிடந்தபோது மன்னிப்பு வரியைச் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். குனிந்து காத்திருந்தவன், பிறகு தன் கையால் என் கண்களை மூடிவிட்டான். திரை விழுந்தது.

மூன்று வாரம் நான் அவனோடு பேசவில்லை. தினமும் என் வேலைமேசையில் டீ வைத்துவிட்டுப் போவான், ஆறவிட்டேன். நான்காவது வாரம், பஸ் புறப்படும் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தவன் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான்.

சொல்லாத வரியைக் கேட்க இனி அவன் இல்லை.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நாடகப் பிரதியின் ஓரத்தில் குறைகளைப் பென்சிலால் எழுதிவைப்பது அவன் வழக்கம். யாருக்கும் காட்டமாட்டான். இரண்டு மாதம் கழித்து நான் வீட்டுக்குப் போனபோது, அவன் மனைவி டீயை என் முன்னால் வைத்துவிட்டு அந்தப் பிரதியை என் கையில் கொடுத்தார். கடைசிப் பக்கத்துக்குப் பயந்து நடுவில் பிரித்தேன். 'இந்த எருமைக்குக் காது இருக்கா?' 'இன்னிக்கும் முந்திட்டான். ஒருநாள் நிஜ வாளோட வரப்போறேன்.'

"தங்கச்சி, இது அவன் எழுதினதுதானா?"

"பின்ன? அவருக்குக் கோபமே வராதுன்னு நினைச்சீங்களாண்ணே? மணல்வாளியெல்லாம் ஊருக்குத்தான். எத்தனை பென்சில் முனை உடைஞ்சுதுன்னு எனக்கில்ல தெரியும்!"

அப்படியென்றால் அவனும் கொதித்தவன்தான். எழுதித் தீர்த்துவிட்டு, மறுநாள் டீயோடு வந்திருக்கிறான்.

"கடைசிப் பக்கமும் பாருங்க. கடிக்காது."

மன்னிப்பு வரியின் மேல் ஒரு கோடு. பக்கத்தில்: 'இதை இன்னிக்கு முழுங்கிட்டான். வீம்புக்குத்தான் பண்ணான், மூஞ்சியே சொல்லுச்சு. ஆனா சபையில ஒரு இருமல்கூட இல்ல. இவ்வளவு பழகினவங்களுக்குள்ள இந்த வரி எதுக்கு? அடுத்த ஆட்டத்துல எடுத்துடலாம். பேச்சுக்கு வந்ததும் அவன்கிட்ட சொல்லணும். வாள் விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.'

சிரித்துவிட்டேன். இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

"டீ ஆறுதுண்ணே" என்றார்.

சுடச்சுடக் குடித்தேன். நாக்கு வெந்தது.