ஹேடோவுக்கு முதுகு காட்டி நின்றவள்

"சார், ஸ்கோப்பை விட்டு நகருங்க."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சுதாகர் பூங்கோதையிடம் சொல்லியிருந்தான். "தூக்கு, நிறுத்து, ஃபோகஸ் பண்ணு. கெஸ்ட் கண்ணு வச்சதுக்கப்புறம் அது அவரோடது. சம்ஜி? புரிஞ்சுதா?" பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போவது அவன் தொழில். விலங்கியல் பட்டம் வாங்கிய பூங்கோதை மூன்று குளிர்காலமாக அவனுக்குத் தொலைநோக்கியும் டிரைபாடும் சுமக்கிறாள்.

கோயம்புத்தூரில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற சிவஞானம் லென்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பம்பூஃபிளாட் சேற்றில், நூறு உள்ளான் குருவிகளுக்கு நடுவே, அவர் பதினோரு வருஷமாகத் தேடிய ஒற்றைப் பறவை மேய்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டிக் கொடுத்ததே பூங்கோதைதான்.

"இரும்மா, இப்பத்தான் இந்தப் பக்கம் திரும்புது."

"ஹேடோவைப் பாக்கணும் சார். என் தங்கச்சி அங்க."

ஒரு நிமிஷம் முன்னால் வைஜெயந்தி போன் செய்திருந்தாள். தீவின் எதிர்க்கரையில், ஹேடோ கப்பல் துறையில் டிக்கெட் சரிபார்க்கிற சிநேகிதி. "என்னடி, சொல்லவே இல்ல? உங்கப்பாவும் அபியும் சென்னை போற மெயின்லேண்ட் கப்பல் ஏறிட்டாங்க."

காலையில் அம்மா சொன்னது வேறு. அபி அப்பாவோடு சௌல்தாரி அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாளாம், சாயங்காலம் வந்துவிடுவாளாம். அபியின் போன் அணைந்து கிடந்தது.

அபிக்குப் பதினேழு. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. அப்பாவுக்கு வேலை கொடுக்கிற கான்ட்ராக்டரின் மச்சினன் சுரேந்தர், முப்பத்திரண்டு வயசு, சிவகங்கையில் மாப்பிள்ளையாகக் காத்திருந்தான். போன வாரம் அந்தப் பேச்சு வந்தபோது பூங்கோதை தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போட்டாள். அப்பா சண்முகம் நிதானமாகக் கை கழுவினார். "ஒன்னயப் படிக்க வச்சு வாங்குன பேச்சு போதும். வாய் நீளுறதுக்குள்ள அவளையாச்சும் அனுப்பிடுறேன்."

தன் பட்டமே தங்கைக்கு வினையாகிவிட்டது. அந்த எண்ணம் ஒரு வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"நகருங்கன்னு சொல்றேன்ல!" டிரைபாட் கைப்பிடியைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள்.

"ஐயோ, என் பறவை!"

"அரே, பாகல்!" ஜீப்பிலிருந்து சுதாகர் ஓடிவந்தான்.

வட்டத்துக்குள் தண்ணீர் ஓடியது, கிரேன் ஓடியது, வெள்ளைக் கப்பல் வந்து நின்றது. ஃபோகஸ் வளையத்தில் விரல் வழுக்கியது. பயணிகள் எல்லாரும் வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்துத் துறைப் பக்கமாகக் கூடியிருந்தார்கள். இந்தப் பக்கக் கம்பியில் ஒருத்தி மட்டும். ஹேடோவுக்கு முதுகு. நீலத் துப்பட்டாவைக் கழற்றி, ஆளில்லாத அலையாத்திக் காட்டைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தாள்.

நேற்றுப் பூங்கோதைதான் பெருமையடித்தாள். "நாளைக்குப் பம்பூஃபிளாட்டு. அங்கேருந்து ஸ்கோப்புல ஹேடோ கிரேன் நம்பரையே படிக்கலாம்டி." "அப்ப நான் கை காட்டினா தெரியுமா?" என்று அபி சிரித்தாள்.

தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அக்கா என்றுதான் இருக்கும். கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு பக்கத்தில், சத்தமே இல்லாமல். அப்பா வந்தார். மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். கம்பி காலியானது. கப்பல் மெல்ல நகர்ந்தது.

பூங்கோதை கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளான் கூட்டம் மொத்தமும் எழும்பியது, அந்த ஒற்றைப் பறவையும் சேர்ந்து.

"போச்சு. பதினோரு வருஷம்மா!"

"எனக்குப் பதினேழு வருஷம் சார்."

"சாருகிட்ட மன்னிப்புக் கேளு," என்றான் சுதாகர். "இல்லேன்னா நாளையிலேருந்து வராத. கப்பல் கிளம்பிருச்சு, நீந்திப் போய்ப் பிடிக்கப் போறியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கப்பலைப் பார்த்தாள். சென்னை போய்ச் சேர அதற்கு மூன்று நாள் வேண்டும். அபியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறந்த தேதியோடு, இவள் பெட்டியில்தான் இருக்கிறது.

சுதாகர் கொடுத்த வேலைத் தொப்பியைக் கழற்றி ஸ்கோப்பின் மேல் மாட்டினாள். போனை எடுத்தாள்.

"வைஜி, நாளைக் காலைல சென்னை பிளேன்ல ஒரு சீட் பாரு. எனக்குத்தான். அவங்க எறங்கும்போது நான் போலீசோட நிக்கணும்."

சுதாகர் இந்தியில் கத்தினான், அப்புறம் தமிழில் கத்தினான். அவள் அக்கரைக்குப் படகு போகும் ஃபெர்ரி ஜெட்டியைப் பார்த்து எட்டி நடந்தாள்.