காற்று நாள் கையெழுத்து

விசாரணை அதிகாரி அந்தக் கேள்வியை என்னிடம் ஒருமுறை கேட்டாரா, இரண்டு முறை கேட்டாரா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. ஒருமுறை என்றால் என் குற்றம் கொஞ்சம் குறையும். அதனாலேயே என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. மற்றவற்றை இயன்றவரை நடந்தபடி எழுதுகிறேன்.

போர் முடிந்து ஐந்தாம் ஆண்டு. வட ஐரோப்பாவின் பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து, பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கு இரண்டு வருட டிப்ளோமா நடத்தியது. புத்தளம் கரையோரப் பள்ளிகளுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். மொழிபெயர்ப்பும் என் வேலை. கற்பிட்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன்.

டிப்ளோமாவில் சேர்ந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரின் பெயர் சித்தி மரியம். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து புத்தளத்துக் கரைத்தீவில் இருந்தார். உச்சமுனைப் படகு வழியில் இறக்கிவிடும் ஒரு சின்னத் தீவின் பள்ளியில் பதினொரு வருடங்களாக, நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியை. அந்த வருடம், டிப்ளோமாவின் இரண்டாம் வருடத்தில், தொண்டர்களை நிரந்தரமாக்க ஒரு பட்டியல் தயாரானது. டிப்ளோமா சித்தியடைந்திருக்க வேண்டும். வயது நாற்பதைத் தொடக் கூடாது. மரியத்துக்கு முப்பத்தொன்பது.

டிப்ளோமாவின் பாதிப் புள்ளி ஒரு கொப்பிக்கு. ஆசிரியர் தன் வகுப்பைப் பற்றித் தானே யோசித்து எழுத வேண்டும். நான் அதை ஆங்கிலமாக்கி, அந்த வட ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை இங்கருக்கு அனுப்புவேன். அந்த வருட முதல் தவணையில் இருபத்திரண்டு கொப்பிகளிலும் ஒரே வாசகம்: இன்று பாடம் சிறப்பாக நடந்தது, பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் கற்றனர். பேராசிரியை ஒருவரையும் சித்தியடைய விடவில்லை.

மரியத்தின் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க அவர் படகேறும் இறங்குதுறைக்குப் போனேன். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மரியம் குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார். படகோட்டி செய்னுலாப்தீன் நானா கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

“இண்டைக்கும் காத்துதான் டீச்சர், வீட்ட போங்க,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சேர், ஒங்கட வெள்ளக்காரிட்ட சொல்லுங்களேன். இவங்களுக்குப் படிப்பிக்க முந்தி எனக்கொரு நல்ல இஞ்சின் தரச் சொல்லி. நான் டிப்ளோமா இல்லாமலே ஓட்டுவன்.”

“நீங்க ஓட்டினா நாங்க உசிரோட இல்ல, மையத்தாத்தான் போய் எறங்குவம் நானா,” என்றார் மரியம். பிறகு கொப்பியைப் புரட்டினார். “இதுல என்ன சேர் பிழை? நல்லா நடந்திச்செண்டுதானே எழுதினன்.”

“உண்மையில நடக்கிறத எழுதுங்கோ டீச்சர். கஷ்டத்த, விடுற பிழையள. அவ அதுக்குத்தான் புள்ளி போடுறவ.”

“பிழைய எழுதினாப் புள்ளியா?”

“ஓம்.”

“அல்லாவே. அப்ப பதினொரு வருஷத்துக்கு எனக்கு முதலாம் வகுப்பே தரணுமே!”

நானா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்த கொப்பியில் காற்று நாட்களைப் பற்றி எழுதியிருந்தார். எனக்குத் தெரியாத விடயமல்ல. அந்தப் பள்ளியில் அதிபர் றவூபும் மரியமும் மட்டும்தான் ஆசிரியர்கள்; இருவரும் இக்கரையிலிருந்து போகிறவர்கள். படகு ஓடாத நாளில் தீவில் பள்ளி இல்லை. அடுத்த முறை போகும்போது விடுபட்ட நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைப்பார்கள்; பிள்ளைகளின் வரவையும் போட்டுவிடுவார்கள். அதிபர் றவூபும் அப்படித்தான் செய்தார். பள்ளி நடந்த நாட்கள் குறைந்தால் மூடிவிடுவார்கள் என்ற பயம். மேலே உள்ளவர்களுக்கும் இது தெரியும். “காத்து நாள்” என்று சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

மரியம் எழுதியிருந்தார்: “இனாஸ் என்ற பிள்ளை பதிவேட்டைப் பார்த்துவிட்டு, நேற்றுப் பள்ளிக்கூடமே இல்லையே டீச்சர், எனக்கு ஏன் சரி போட்டீர்கள் என்று கேட்டாள். நீ வந்தாய், மறந்துவிட்டாய் என்றேன். அன்றிலிருந்து நான் பலகையில் எழுதும் கணக்குகளை அவள் தன் விரல்களில் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டே எழுதுகிறாள்.”

அந்தப் பக்கத்தையே நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. மரியத்தைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் என் கைக்கு வந்த நல்ல பக்கம் அது ஒன்றுதான். அதைக் கவனமாக, ஒரு சொல் குறையாமல் ஆங்கிலமாக்கினேன். மரியத்துக்கு அதிகூடிய புள்ளி கிடைத்தது.

வருட முடிவில் இரு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து அறிக்கை வெளியிட்டன. பேராசிரியை அந்தப் பக்கத்தை முழுதாகச் சேர்த்து, துணிவான ஆசிரியை என்று பாராட்டியிருந்தார். பெயரை மாற்றியிருந்தார். ஆனால் புத்தளம் கடலோரக் களப்பின் தீவொன்றில் இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளி என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு பள்ளிதான் இருந்தது.

அறிக்கையைப் பார்த்துக் கல்வித் திணைக்களம் விசாரணைக்கு அனுப்பிய அதிகாரி கெட்டவரல்ல. முன்பு அவரும் தீவுப் பள்ளியில் இருந்தவர். அச்சில் வந்துவிட்டதால் இனித் தெரியாததுபோல இருக்க அவரால் முடியவில்லை.

“நான் போன நாளுக்குத்தான் நான் சைன் வெச்ச. இவங்கட வேல எனக்குத் தெரியாது,” என்றார் அதிபர் றவூப். மரியம் அவரைப் பார்த்தார்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். “மிஸ்டர் றொபின்சன், மொழிபெயர்ப்பில ஏதும் பிழை விட்டிருப்பீங்களோ? சில நேரம் ஒரு வசனம் மாறி விழுறதுதானே.”

அவர் எனக்கு வழி விடுகிறார் என்பது அறையில் இருந்த நால்வருக்கும் விளங்கியது. தமிழ்க் கொப்பி என் பைக்குள் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை.

ஒரு பிழையை ஒப்புக்கொண்டால் மற்றக் கொப்பிகளும் சந்தேகத்துக்குள்ளாகும், திட்டம் நின்றுபோகும் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அவை ஒன்றும் மனதில் இல்லை. அந்தப் பக்கத்தை நான் நன்றாகத்தானே மொழிபெயர்த்தேன் என்பது மட்டும் இருந்தது.

“பிழையில்லை,” என்றேன்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மரியம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஏன் சேர் மொகத்த இப்பிடி வெச்சிருக்கிறீங்க? நீங்க சொன்னது உண்மதானே. அதுக்குத்தானே புள்ளி.” பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மரியத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த மாசி மாதம் அவருக்கு நாற்பது வயதானது. திறமைச் சித்தியென்று போட்ட டிப்ளோமாச் சான்றிதழ் அதற்குப் பிறகு தபாலில் வந்தது. இப்போது கருவாடு காயவைக்கும் ஒரு வாடியில் மீன் தரம் பிரிக்கிறார். றவூப் நகரத்துப் பள்ளிக்கு மாற்றம் பெற்று அங்கேயே ஓய்வுபெற்றார். காற்று நாட்களைச் சரியாகக் கழித்துப் பார்த்ததில் நடந்த நாட்கள் போதாமல் தீவுப் பள்ளி மறு வருடம் மூடப்பட்டது. செய்னுலாப்தீன் நானா படகை விற்றுவிட்டு உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறார். இனாஸை உறவினர் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பேராசிரியை இங்கர் தன் ஊரில் ஓய்வில் இருக்கிறார். நான் கொழும்பில் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சித் திட்டத்துக்கு மொழிபெயர்க்கிறேன்.