ஆறாவது கம்பி

அந்த முனிக்கதையைக் கட்டிவிட்டவன் நான்தான். அதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.

நுவரெலியாவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் ரிஃகான் தம்பி நான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். ராகலையிலிருந்து பூண்டுலோயா வரைக்கும், மலைப் பாதையில், அறுபது கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் வைக்கப் போகிறாராம். பஸ் ஓடுகிற ரோடு இருக்கும்போது எதற்காக மலையில் விழுந்து எழும்பி ஓட வேண்டும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். இறம்பொடைக்கு மேலே எங்கள் பக்கத்தில் பழைய இடங்கள், பார்க்கத் தகுந்த இடங்கள் எவையெவை என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமாம். நாற்பத்தெட்டு வருடமாக இந்த மலையில் கிடக்கிறேன், என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

துரை கல்லறையைக் காட்டினேன். இருபத்தாறு வயதில் காய்ச்சலில் செத்துப்போன கோப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, 1871 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் போன கல்பாலத்தைக் காட்டினேன். இரட்டை அருவி, கொத்மலை அணைத் தண்ணீர் தூரத்தில் மினுங்குவது தெரிகிற மொட்டைப் பாறை, எல்லாம் காட்டினேன். ஒவ்வொரு இடத்திலும் மூன்று மொழியில் பலகை நட்டார்கள்.

மானாப்புல் காட்டுக்குள் இருக்கிற பெரிய பாறையை மட்டும் நான் காட்டவில்லை. அவராகவே கையை நீட்டி அது என்ன என்று கேட்டார்.

"அங்கிட்டு வேணாம் தம்பி," என்றேன். "அது முனி இருக்கிற எடம். ரெண்டு பேரு ரத்தங் கக்கிச் செத்திருக்காங்க."

முனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அங்கே இருந்தவை என் சுருக்குக் கம்பிகள். மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளை வாங்கி, ஒரு முனையில் சுருக்குப் போட்டு, காட்டுப்பன்றி வரும் தடத்தில் வைத்துவிட வேண்டும். மறுமுனையை மரத்து வேரில் கட்டிவிட வேண்டும். நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் நான் போட்டிருக்கும் உருளைக்கிழங்கைப் பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கிறவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆறு கம்பி வைத்திருந்தேன். அகப்பட்டால் வனஜீவி இலாகாக்காரர்கள் வழக்குப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

படித்தவர்களின் புத்தியே தனி. "செம கதையா இருக்கே அண்ணே!" என்று ரிஃகான் தம்பி குதித்தார். ஒரு கிழமைக்குள் 'முனிப்பாறை' என்று ஒரு பலகை ஏறிவிட்டது. எல்லாரும் பயந்து ஒதுங்கட்டும் என்று சொன்ன கதை, பாறையைப் பார்க்க ஆள் கூட்டியது. வந்தவர்கள் பாதையில் நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள்; பந்தயப் பாதையும் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த ஒரு தைரியத்தில் கம்பிகளை எடுக்காமல் விட்டேன். எனக்கு ஒரு பச்சை ஜாக்கெட் கொடுத்தார்கள், முதுகில் 'பாதைக் காவலர்' என்று எழுதி. அதைப் போட்டுக்கொண்டு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தைக் கடந்து போகும்போது எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல!

பந்தய நாளுக்கு முதல் இரவு முழுக்க மழை. காலை ஒன்பதரைக்கு நான் துரை கல்லறையில் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். என்னோடு கொழுந்து எடுக்கிற ஜீவராணி நின்றாள். அப்போது என் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"சோலமல அண்ணே," ரிஃகான் தம்பியின் குரல். "கல்பாலத்துக்கு மேல மண்ணு சரிஞ்சிருச்சு. அந்தப் பக்கம் யாரையும் விட ஏலாது. ரூட்ட மாத்திட்டோம். மானாக்காட்டு வழியா முனிப்பாறைக்கு வந்து, அங்கேருந்து ஒங்ககிட்ட எறங்குவாங்க. இன்னும் முக்கா மணி நேரத்துல மொத ஆளு வந்துரும்."

வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தேன். "பாறையில யாரு தம்பி நிக்கிறது?"

"நான்தாம்பா, இப்பத்தான் இங்க மாத்தினாங்க," என்றது வேறொரு குரல்.

பிரேமினி. என் மகள். பத்தொன்பது வயது, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். எனக்கு அவள் ஒருத்திதான். பந்தயத்தில் வழி காட்டுகிற வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டவனும் நான்தான்.

"பாதையிலயே நில்லு புள்ள," என்றேன். "புல்லுக்குள்ள எறங்காத. கேட்டியா?"

"ஏம்பா, முனி புடிச்சிருமா?"

வாக்கி டாக்கியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்ற இடங்களில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொத்தானை அழுத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பி இருக்கிறது, வெளியே வா. அவ்வளவுதான். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. வழக்கு, ஜாக்கெட், லயத்தில் ஆளாளுக்குப் பேசப் போகிற பேச்சு, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

வைத்த கம்பியைத் தினமும் விடியற்காலையில் போய்ப் பார்க்க வேண்டும். பந்தய வேலையில் அலைந்ததில் மூன்று நாளாக நான் போய்ப் பார்க்கவில்லை. அதில் என்ன விழுந்து கிடக்கிறதோ?

"வயிறு சரியில்ல ஜீவராணி, இப்ப வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

"வயித்துக்கு எதுக்குண்ணே மலைக்கு மேல ஓடுறீங்க?" என்று அவள் பின்னால் கத்தினாள்.

மூட்டுவலிக்காரன் நான். ஐந்து வருடமாக ஓடியதே இல்லை. அந்த மலையில் அன்றைக்கு ஓடினேன். கல்லறையிலிருந்து இரட்டை அருவி வரைக்கும் நூற்றுப் பத்துப் படி. மழைத் தண்ணீரில் அருவி மண் நிறமாக இறங்கியது. அதன் இரைச்சலில் என் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. 'இங்கே நின்று இளைப்பாறுங்கள்' என்று பலகையில் எழுதியிருந்தது. நான் சொல்லித்தான் எழுதினார்கள். அடப் போங்கடா என்று அதைத் தாண்டினேன்.

மொட்டைப் பாறைக்கு வந்தபோது பனிமூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. போன வருடம் என் கம்பியில் ஒரு நாய் மாட்டியிருந்தது. அது இழுக்க இழுக்க, கம்பி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அந்தக் கால் திரும்பத் திரும்ப என் கண்ணுக்கு முன் வந்தது. அதற்குப் பிறகும் ஆறு கம்பியையும் அங்கேயே விட்டுவைத்த பாவி நான். முருகா, அவள் பாதையிலேயே நிற்கட்டும், இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். சின்ன வயதிலிருந்து என் பேச்சைக் கேட்காத பிள்ளை அவள்.

முனிப்பாறைப் பலகை தெரிந்தது. அதன் மேல் பிரேமினியின் பை தொங்கியது. பாதையில் அவளைக் காணவில்லை.

"பிரேமினி!"

"கத்தாதீங்கப்பா," என்று புல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இங்கதான் இருக்கேன். இங்க ஏதோ முனகுது. பன்னிக்குட்டி மாட்டியிருக்கு போல."

பாதையிலிருந்து இருபது காலடி உள்ளே, இடுப்பளவு மானாப்புல்லில் நின்றுகொண்டிருந்தாள். நான் புல்லை விலக்கிப் போனேன். எங்கே கால் வைக்கலாம் என்று எனக்குத்தான் தெரியுமே.

"அசையாத," என்றேன். "ஒரு காலையும் எடுக்காத."

அவளுக்கு முன்னால், பதினைந்து அடி தூரத்தில், புல் அசைந்தது. அதிலிருந்து ஒரு தலை எழும்பியது.

புலி. நாங்கள் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வோம். இரவெல்லாம் மழையில் கிடந்து, மஞ்சள் உடம்பில் சேறு அப்பியிருந்தது. என் கேபிள் அதன் இடுப்பை இறுக்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஈர்வாளால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுப் பாய்ந்தது. கம்பி இழுத்துப் பிடிக்க, பொத்தென்று விழுந்தது. மறுபடி எழும்பியது. ஒவ்வொரு இழுப்புக்கும், நான் கம்பி கட்டியிருந்த சவுக்கு மரத்தின் வேர் நனைந்த மண்ணில் அசைவதை என் கண்ணாலேயே பார்த்தேன். திரும்பி ஓட வேண்டும் போல இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"அப்பா," என்றாள். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு கேபிளைப் பார்த்துவிட்டாள். "யாரோ கம்பி போட்டிருக்காங்கப்பா."

யாரோ.

அவள் தன் வாக்கி டாக்கியை மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனாள். "முனிப்பாறையில புலி. கம்பியில மாட்டியிருக்கு. யாரையும் அனுப்பாதீங்க."

மேலே அடுத்த வளைவில் வழி காட்ட நிற்கிற லோஜன் என்ற பையன் பதில் சொன்னான். "ஐயோ, இங்க முன்னுக்கு வந்த ஏழு பேரும் அதக் கேட்டுட்டாங்க அக்கா! கட்டுப்பட்டுத்தானே கெடக்கு, போட்டோ எடுப்போம்னு எறங்கிட்டாங்க. சொன்னாக் கேக்குறாங்க இல்ல!"

மேலேயிருந்து சிரிப்புச் சத்தமும் சப்பாத்துச் சத்தமும் கேட்டன. புலி காதை மடித்தது. ஏழு பேர். பனிமூட்டத்தில் ஆளுக்கொரு பக்கமாக, நல்ல படம் எடுக்கப் புல்லுக்குள் இறங்குவார்கள். ஓடுகிற வேகத்தில் ஒருவன் கால் சுருக்கில் மாட்டினால் எலும்பு முறியும். அத்தனை சத்தத்தில் புலி இன்னும் நாலு தரம் இழுத்தால் வேர் பிடுங்கிக்கொள்ளும். என் மகள் அதற்கு முன்னால் நிற்கிறாள். முனி என்று பயம் காட்டினேன், பார்க்க வந்தார்கள். புலி என்று அவள் சொன்னாள், அதற்கும் வருகிறார்கள். சொல்வதற்கு இனி என்னிடம் உண்மை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

பொத்தானை அழுத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க. நான் சோலமல பேசுறேன். அந்தக் கம்பி நான் போட்டது. இன்னும் அஞ்சு இருக்கு, புல்லுக்குள்ள. எங்கெங்க இருக்குன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். கால் வச்சா எலும்பு வரைக்கும் எறங்கிரும். முனி கினி ஒன்னுங் கெடையாது, அதுவும் நான் விட்ட பொய்தான். நிக்கிற எடத்துலயே நில்லுங்க. ரிஃகான் தம்பி, வனஜீவிக்குச் சொல்லுங்க. எம் பேரையும் சேத்துச் சொல்லுங்க."

மேலே சப்பாத்துச் சத்தம் நின்றது. யாரோ யாரையோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி சரளைக்கல் சரிந்தது. அதற்குப் பிறகு புலியின் மூச்சு மட்டும்தான் கேட்டது.

பிரேமினி என் பக்கம் திரும்பவில்லை. புலியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மத்த அஞ்சும் எங்க?"

"நாலு அந்தப் பக்கம். ஓடையோரம்."

"இன்னொன்னு?"

"ஒன் வலது காலச் சுத்தி."

அவள் குனிந்து பார்த்தாள். ஆறாவது கம்பி மழையில் சரிந்து தரையில் வட்டமாகக் கிடந்தது. அதற்கு நடுவில் அவளுடைய வெள்ளைச் சப்பாத்து. பயந்து ஓடியிருந்தால் அது இறுகி, புலிக்கு முன்னால் முகங்குப்புற விழுந்திருப்பாள்.

நான் மண்டி போட்டு, முழங்காலால் ஊர்ந்து போனேன். புலியின் கண் என் மேலேயே இருந்தது. அது ஒரு தடவை சீறியது. என் விரல் சுருக்கில் நிற்காமல் வழுக்கியது. சட்டென்று இறுக வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தேனே, அந்த வேலையைத்தான் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன்! சுருக்கைத் தளர்த்தி, அகட்டிப் பிடித்தேன்.

"இப்பத் தூக்கு. மெதுவா."

விழுந்துவிடாமல் இருக்க என் தோளில் கை வைத்தாள். கால் வெளியே வந்தது. அடுத்த நொடியே கையை எடுத்துக்கொண்டாள்.

நான் வைத்த அடியிலேயே அடி வைத்துப் பின்னால் பின்னால் வந்து, இருவரும் பாதைக்கு ஏறினோம். பலகைக்குக் கீழே உட்கார்ந்தேன். வனஜீவிக்காரர்கள் மயக்க ஊசியோடு வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று ரிஃகான் தம்பி சொன்னார். அண்ணே என்று கூப்பிடவில்லை.

பிரேமினி என்னிடமிருந்து தள்ளி, பாதையின் அந்த ஓரத்தில் நின்றாள். புல்லுக்குள் புலி மறுபடி அந்த அறுக்கிற சத்தத்தைப் போடத் தொடங்கியது. என் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியைக் கை காட்டிக் கேட்டாள்.

"நான் இங்க நிக்கிறேன்னு ஒன்பதரைக்கே சொன்னேனேப்பா. அது அப்பவே ஒங்க கையிலதானே இருந்துச்சு?"

நான் அதைக் கழற்றிக் கீழே வைத்தேன். ஆமா என்று சொன்னேன்.