ஒன்பது வகை வேலி

கட்டட அனுமதி ஆய்வாளர் வர இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. மார்ல்காட் ஊர்க்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தேநீர். அம்மா எனக்கு மூன்றாவது துண்டு எலுமிச்சை கேக்கை நீட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

தேவாலயச் சந்தின் உயிர்வேலியை என்னை எண்ணச் சொல்லியிருந்தார்கள். முப்பது தப்படிக்குள் எத்தனை வகை மரமோ, வேலிக்கு அத்தனை நூறு வயது என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. எனக்கு ஒன்பது கிடைத்தது. தாவரவியல் படித்தவள் சொன்னால் ஆய்வாளர் கேட்பார். பழைய வேலியை வெட்டி வழிவிட அனுமதி கிடைக்காது. வழியில்லாமல் டென்சில் பிரைக் தன் வயலில் மகளுக்கு வீடு கட்ட முடியாது. லோர்னாவும் குழந்தையும் அவருடைய களத்தில் ஒரு பழைய வண்டிவீட்டில் இரண்டு குளிர்காலத்தைக் கழித்துவிட்டார்கள்.

"அந்தக் காலத்துல படையெடுத்து வந்த நார்மன்காரன் இந்த வேலியிலதான் குதிரையக் கட்டினானாம்," என்றார் தேவாலய மணியடிக்கும் ஹெட்லி. "டென்சில் அப்பவே வழி கேட்டு மனுப் போட்டிருப்பான்."

சிரித்தார்கள். வயதானவர்கள் மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சரிபார்க்கப் போனேன். இம்முறை எண்ணவில்லை, அடிமரங்களைப் பார்த்தேன். மேப்பிள், ஹேசல், முள்மரம், எல்லாம் ஒரே பருமன். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. வேலிக்கு அந்தப் பக்கம் டென்சில் நின்றிருந்தார்.

"என்ன பொண்ணே, பத்தாவது கிடைச்சுதா?"

"எல்லாம் ஒரே வயசு மாதிரி இருக்கு, மிஸ்டர் பிரைக்."

"இருக்கும்."

"உங்களுக்குத் தெரியும்னா நீங்களே ஆய்வாளர்கிட்ட சொல்லலாமே."

"நான் சொன்னா வீட்டுக்காகச் சொல்றேன்னுதான் நினைப்பாரு. மார்ஜரி இருந்திருந்தா சொல்லியிருப்பா." மார்ஜரி அவருடைய மனைவி. போன வருடம் இறந்துவிட்டாள். "உங்கம்மாவக் கேளேன்."

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஒன்பது எண்ணினே. ஒன்பதுன்னு சொல்லு. மத்ததை யார் கேட்டா?"

"அம்மா."

"ஒரு வீட்டுக்கு வழி விட்டா அப்புறம் பத்து வரும், பிரையனி."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஊர்க்கூடத்துப் புன்னகைகள் எனக்குப் பிடித்திருந்தன. இந்த ஊர் என்னை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் படிப்பு மட்டுமல்ல, பழைய கதை எதுவும் தெரியாத என் வயதும்தான் என்பது அன்று மாலைதான் உறைத்தது. முகம் எரிந்தது.

செவ்வாய்க்கிழமை தூறல். சந்தில் எல்லோரும் ரப்பர் காலணிகளோடு நின்றோம். லோர்னா குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"எத்தனை வகை?" என்றார் ஆய்வாளர்.

"ஒன்பது."

"அப்படின்னா தொள்ளாயிரம் வருஷம். சரிதானே?"

தலையாட்டினால் போதும். அம்மா புன்னகைத்தாள்.

"இல்லைங்க," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "எல்லா மரத்துக்கும் ஒரே வயசு. நாற்பது இருக்கும்."

"அது எப்படி?"

ஹெட்லி தன் காலணியைப் பார்த்தார். மற்றவர்களும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள். டென்சில் அம்மாவைப் பார்த்தார். குழந்தை இருமியது.

அம்மாவின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"நாங்க நட்டதுதான்," என்றாள். "ராணி பட்டமேறின வெள்ளி விழா வருஷம். நானும் மார்ஜரி பிரைக்கும். குழி வெட்டினது டென்சில்."