ஈரத் துணி

அரியலூர் ரோட்டில் ஒரு சிமெண்ட் குடோனுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்கள் விட்டுப்போகும் சைக்கிள்களில் சாயங்காலத்துக்குள் ஒரு படலம் சிமெண்ட் படிந்துவிடும். நான் யாருடையதையும் துடைப்பதில்லை. இந்தக் கார்த்திகையில் நடராசனுடையதை மட்டும் துடைத்தேன், ஈரத் துணியால்.

நடராசன் முன்பு லாரி ஓட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன், இருட்டிய நேரம், குடோன் வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் அரியமுத்துவைப் பின்னாலிருந்து மோதிக் கொன்றான். ஸ்டேஷனில், "சைக்கிள்ல லைட்டும் இல்ல, பின்னாடி எதுவும் மின்னவும் இல்ல சார்" என்றான். பொய் என்று கத்தினேன். லைட் இல்லைதான். ஆனால் பின் மட்கார்டில், வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் இருந்தது. தினமும் காலையில் அதை ஈரத் துணியால் துடைத்து அனுப்பியவள் நான்.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள். ரிஃப்ளெக்டர், சிமெண்ட் பூசிய சுவர் மாதிரி சாம்பலாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. சிமெண்ட் தூசியில் ஈரம் பட்டால் இறுகும். மூட்டை தூக்குகிறவன் பெண்டாட்டிக்கு அது எப்படித் தோன்றாமல் போனது? நடராசன் சொன்னது உண்மை. அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

லாரி ஓனர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இந்தக் கார்த்திகை பிறந்ததும் இதே குடோனுக்கு மூட்டை தூக்க வந்தான், லைட் இல்லாத சைக்கிளில். ஸ்டேஷனில் குனிந்த தலை நிமிராமல் இருந்தவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"வண்டிய இங்க விடலாங்களா அக்கா?"

"விடுங்கண்ணே" என்றேன். வயிறு குளிர்ந்தது.

தினமும் ஈரத் துணியால் துடைத்ததில், இருபது நாளில் அவன் ரிஃப்ளெக்டர் மங்கியது. ஆறரைக்கெல்லாம் இருட்டு. அவன் கிளம்பியதும் வளைவு வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பத்தடி போவதற்குள் இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போனான். அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் சைக்கிளை எடுக்க வந்தவன் சிரித்தான். "நீங்க தினமும் வண்டிய தொடைக்கிறத எம்பொண்ணு அபிநயாகிட்ட சொன்னேங்க்கா. அதுலேருந்து காலையில அவளே ஈரத்துணியால தொடைச்சுதான் வூட்டுலேருந்து அனுப்புறா."

நாளைக்கு இவன் அடிபட்டுச் செத்தால், ஸ்டேஷன் வாசலில் நின்று நகத்தால் சுரண்டப்போவது அந்தப் பெண்.

"வண்டிய நிறுத்து" என்றேன். காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து, சிவப்பு தெரிகிற வரை சுரண்டினேன்.

"இனிமே காஞ்ச துணியால தொடைக்கச் சொல்லு. ஈரம் பட்டா இறுகிடும். ஒரு லைட்டும் வாங்கி மாட்டு."

"ரொம்ப நன்றிங்க்கா."

"நன்றி எதுக்கு? நீ சாகணும்னுதான் இத்தன நாளா தொடைச்சேன். நான் அரியமுத்து பொண்டாட்டி."

அவன் சைக்கிளில் ஏறிப் போனான். பின்னாலேயே ஒரு லாரி வந்தது. அதன் வெளிச்சத்தில் ரிஃப்ளெக்டர் சிவப்பாக மின்ன, லாரி ஒதுங்கிப் போனது.

பாவி பிழைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் பிழைக்கவும் அந்த ஒரு கத்தி போதுமாக இருந்திருக்கும்.